வெண்தலைக் கழுகு வேண்டுமா? மீன் மேலே வரும் இடத்தில் போய் நில்லுங்கள்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் உதவும். நீங்கள் இருப்பது நியூஜெர்சியில். கையில் 150-600 எம்எம் லென்ஸும் கிராப் சென்சார் (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவும் இருக்கின்றன. வீட்டுக்கு அருகே உள்ள ஏரியில் வெண்தலைக் கழுகைப் பார்த்திருக்கிறீர்கள், ஆனால் படத்தில் அது புள்ளியாகத்தான் விழுந்தது. நவம்பரில் ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள், அவர்களுக்கும் காட்ட வேண்டும். எங்கே போவது, என்ன செட்டிங் வைப்பது, இன்னும் பெரிய லென்ஸ் வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

லென்ஸ் வாங்க வேண்டாம். இருப்பதே தாராளம். சிறகு விரித்த வெண்தலைக் கழுகு முனைக்கு முனை ஏறக்குறைய 2 மீட்டர் இருக்கும். 100 மீட்டர் தூரத்தில் அது குறுக்கே பறந்தால், 600 எம்எம்மில் ஃபுல் ஃபிரேம் (35 எம்எம் ஃபிலிம் அளவு சென்சார்) கேமராவின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொள்ளும். உங்கள் கிராப் சென்சாரில் பாதி ஃபிரேம். 50 மீட்டருக்கு வந்தால் சிறகு முனை வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்வதே வேலையாகிவிடும். ஏரியில் புள்ளியாக விழுந்தது என்றால் பறவை எங்கேயோ எதிர்க்கரையில் இருந்திருக்கும். அவ்வளவு தூரத்தை எந்த லென்ஸாலும் சரிக்கட்ட முடியாது, நடுவில் இருக்கும் காற்றே படத்தைக் கலக்கிவிடும். தூரத்தைக் குறைக்க ஒரே வழிதான் உண்டு. கழுகு தானாகவே வரப்போகிற இடத்தில், அதற்கு முன்னால் நீங்கள் போய் நிற்க வேண்டும். அதன் பின்னால் அலைந்தால் கிடைப்பதெல்லாம் வால் பக்கம்தான்.

சரி, அது எங்கே வரும்? மீன் எங்கே சிரமமில்லாமல் கிடைக்கிறதோ அங்கே. வாத்தையும் பிடிக்கும், சாலையில் அடிபட்டுக் கிடக்கும் மானையும் தின்னும், ஆனால் பிழைப்பு முக்கியமாக மீனை நம்பித்தான். அதிலும் உழைத்துப் பிடிப்பதைவிட மற்றவர் பிடித்ததைப் பிடுங்குவதில் அதற்கு ஆர்வம் அதிகம். விரால் அடிப்பான் (ஆஸ்ப்ரே) என்ற மீன்பிடிப் பறவை மீனைக் கவ்விக்கொண்டு கிளம்பினால், துரத்தித் துரத்தி அதைக் கீழே போடவைத்துப் பறித்துக்கொள்ளும். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1784-இல் தன் மகளுக்கு எழுதிய கடிதத்தில் இந்தக் குணத்தைச் சொல்லியே, இதைப் போய் நாட்டின் சின்னமாக வைத்தார்களே என்று அலுத்துக்கொண்டார். அவர் அலுத்துக்கொண்டாலும் 1782-இலிருந்து அமெரிக்க அரசு முத்திரையில் இருப்பது இந்தப் பறவைதான். அதிகாரபூர்வமாக தேசியப் பறவை என்று சட்டம் போட்டதென்னவோ 2024 டிசம்பரில்தான்.

குளிர்காலத்தில் வடக்கே ஏரிகள் உறைந்துவிட்டால் மீன் பனிக்கட்டிக்கு அடியில் போய்விடும். அப்போது கழுகுகள் உறையாத தண்ணீரைத் தேடிக் கூட்டமாக இறங்குகின்றன. அமெரிக்காவில் கழுகுப் படத்துக்குப் பேர்போன இடங்கள் பலவற்றுக்கும் பின்னால் இந்தக் காரணம்தான். மிசிசிப்பி ஆற்றில் அயோவா மாநிலத்து லெக்ளேர் அருகே உள்ள 14-ஆம் எண் அணைக்கட்டில் ஜனவரி, பிப்ரவரியில் கழுகுகள் குவிவது அணைக்குக் கீழே தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதால். அலாஸ்காவில் ஹெயின்ஸ் ஊருக்கு அருகே சில்காட் ஆற்றில், அக்டோபர் முதல் குளிர்காலம் நெடுக, மூவாயிரம் கழுகுகள் வரைகூட ஒரே பள்ளத்தாக்கில் சேர்ந்துவிடும். அங்கே நிலத்தடியிலிருந்து ஊறி வரும் தண்ணீர் ஆற்றின் ஒரு பகுதியை உறையவிடாது, காலம் தாழ்ந்து வரும் சம் சால்மன் மீன்கள் முட்டையிட்டுவிட்டு அங்கேயே சாகும். 1982-இல் ஏறக்குறைய 48,000 ஏக்கரை அதற்காகவே காப்பகமாக அறிவித்தார்கள். வாழ்நாளில் ஒருமுறை போக வேண்டிய இடம், ஆனால் நவம்பரில் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வேண்டிய இடம் அல்ல.

உங்களுக்கு ஏற்றது மேரிலாந்தில் சஸ்குவெஹானா ஆற்றின் மேல் இருக்கும் கானோவிங்கோ அணை. மத்திய நியூஜெர்சியிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேர ஓட்டம். 1928-இல் கட்டி முடித்த நீர்மின் அணை, மொத்தம் 11 டர்பைன்கள். மின்சாரத் தேவை ஏறும் நேரத்தில் டர்பைன்களை ஓட்டுவார்கள். மேலே தேங்கிய நீரிலிருக்கும் கிஸர்ட் ஷாட் என்ற மீன், நம் உல்லத்துக்கு உறவு, டர்பைன் வழியாக வரும்போது பாதி மயங்கி, பாதி செத்து, மறுபக்கம் மேலே மிதக்கும். கழுகுகளுக்கு இது தெரியும். நவம்பர் நடுவில் உச்சக்கட்டம். உள்ளூர்க் கழுகுகளோடு வடக்கிலிருந்து வருபவையும் சேர்ந்து, நல்ல நாளில் நூற்றுக்கும் மேல் இருக்கும். அணைக்குக் கீழே மேற்குக் கரையில் ஃபிஷர்மேன்ஸ் பார்க் என்று ஒரு மீன்பிடி பூங்கா உண்டு. காரை நிறுத்திவிட்டுச் சில அடி நடந்தால் ஆற்றங்கரைக் கம்பி வேலி, அங்கேதான் எல்லோரும் நிற்பார்கள். வீல்சேர்கூடப் போகும் அளவுக்குத் தரை சமம். உங்கள் பெற்றோருக்கு அங்கே சிரமம் இருக்காது.

அங்கே ஒரு காலைப்பொழுது எப்படிப் போகும் என்று சொல்கிறேன். விடிந்ததும் பார்த்தால் மின்கோபுரங்களின் குறுக்குச் சட்டங்களில், எதிரே உள்ள பாறைகளில், கரையோர மரங்களில் கழுகுகள் உட்கார்ந்திருக்கும். ஒன்றும் நடக்காது. அரை மணி, ஒரு மணி நேரம். பக்கத்தில் இருப்பவர்கள் ஃபிளாஸ்க்கைத் திறந்து காபி குடிப்பார்கள், லென்ஸ் விலையைப் பற்றிப் பேசுவார்கள். அப்புறம் அணையிலிருந்து சங்கு ஊதும், சிவப்பு விளக்கு சுழலும். டர்பைன் ஓடப்போகிறது, தண்ணீர் ஏறும், ஆற்றில் இறங்கி நிற்கும் மீன்பிடிக்காரர்கள் கரையேற வேண்டும் என்பதற்கான எச்சரிக்கை அது. படம் எடுப்பவருக்கோ அதுவே அழைப்பு மணி. பேச்சு நின்றுவிடும். முதலில் நுரை வரும், பிறகு கடல்காகங்கள் எழும்பும். அவை ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிக் குத்தத் தொடங்கினால் மீன் மேலே வந்துவிட்டது என்று பொருள். கண்ணை அங்கே வையுங்கள், கழுகும் அங்கேதான் வரும்.

கழுகு வரும் விதத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள், படத்துக்கு அது ரொம்ப முக்கியம். மீன்கொத்தியைப் போலத் தலைகுப்புறத் தண்ணீருக்குள் பாயாது. கோபுரத்திலிருந்து நழுவி இறங்கி, நீர்மட்டத்துக்குச் சில அடி மேலே சிறகை அசைக்காமல் நீண்ட சாய்வில் வழுக்கிக்கொண்டு வரும். கடைசி இரண்டு மூன்று உடல் நீளம் இருக்கும்போது மஞ்சள் கால்கள் இரண்டும் முன்னால் நீளும், வால் விசிறியாக விரியும், தலை தாழ்ந்து கண்கள் மீன் மேலேயே இருக்கும். நகம் தண்ணீரைக் கீறும் அந்தக் கணத்தில் உடம்பு முழுவதும் மேலேயே இருக்கும், நனைவது கால் மட்டும்தான். அடுத்து இரண்டு மூன்று பலமான சிறகடிப்பு, நீர்த்துளிகள் பின்னால் தொங்க மேலேறும். இத்தனைக்கும் சில நொடிதான். ஆனால் வழுக்கிக்கொண்டு வரும் அந்தச் சாய்வு நீளமானது, அதைத் தொடக்கத்திலேயே பிடித்துவிட்டால் ஃபோகஸ் நிலைகொள்ள நேரம் கிடைக்கும். தண்ணீரைத் தொடும்போது கேமராவைத் தூக்கினால் நுரைதான் விழும்.

பலர் இதோடு கேமராவை இறக்கிவிடுவார்கள். இறக்காதீர்கள். மீனோடு கிளம்பிய கழுகை விட்டுவைக்க மற்றக் கழுகுகளுக்கு மனசு வராது. பழுப்பு நிறத்து இளசுகள் இரண்டு மூன்று துரத்தும், ஒன்று மல்லாந்து திரும்பிக் காலால் கவ்வப் பார்க்கும், மீன் நழுவிக் கீழே விழும், இன்னொன்று அதைக் காற்றிலேயே பிடிக்கும். என் கணிப்பில் கானோவிங்கோவில் கிடைக்கும் சிறந்த படங்கள் இந்தச் சண்டையில்தான் இருக்கின்றன. மீன் தூக்கும் படம் இப்போது எல்லோரிடமும் இருக்கிறது.

உட்கார்ந்திருக்கும் கழுகு எப்போது கிளம்பும் என்பதும் ஓரளவு முன்பே தெரியும். மணிக்கணக்காகச் சிலையாக இருக்கும் பறவை திடீரென்று தலையை அங்கும் இங்கும் திருப்பும். இறகை ஒருமுறை உதறும். காலை மாற்றி வைக்கும். உடம்பை முன்னால் சாய்த்து வாலைத் தூக்கி வெள்ளையாக எச்சம் பீச்சும். எச்சம் போட்ட அடுத்த நிமிடத்துக்குள் பறக்க வாய்ப்பு அதிகம், விரல் பொத்தானில் இருக்கட்டும். இன்னொன்று, பக்கத்தில் இருக்கும் கழுகுகள் எல்லாம் ஒரே பக்கம் அண்ணாந்து கத்தினால் மேலே வேறொரு கழுகு வருகிறது. இதையெல்லாம் கேமராவின் திரை வழியாகப் பார்க்க முடியாது. வெறும் கண்ணால் அல்லது பைனாகுலரில் பார்க்க வேண்டும். முதல் ஒரு மணி நேரம் கேமராவைப் பையிலேயே வைத்துவிட்டுப் பார்த்தால் மீதி நாள் லாபம்.

காற்றையும் வெளிச்சத்தையும் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய பறவை எப்போதும் காற்றை எதிர்த்துத்தான் கிளம்பும், எதிர்த்துத்தான் இறங்கும். உங்கள் முதுகிலிருந்து ஆற்றை நோக்கிக் காற்று அடித்தால் கழுகு உங்கள் முகத்தைப் பார்த்து இறங்கும். அக்கரையிலிருந்து அடித்தால் நாள் முழுக்க வாலும் முதுகும்தான். காற்றே இல்லாத நாளில் பறவைகள் சோம்பி உட்கார்ந்திருக்கும். அதனால் வானிலை பார்க்கும்போது மழையை மட்டும் பார்க்காதீர்கள், காற்றின் திசையையும் பாருங்கள். பூங்கா இருப்பது ஆற்றின் தென்மேற்குக் கரையில். நவம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து ஓடுவதால், காலையில் வெளிச்சம் உங்களுக்கு வலப்பக்கத்திலிருந்து வரும், மதியம் தாண்டினால் முதுகுக்குப் பின்னால் வந்துவிடும். காலையில் பறவை சுறுசுறுப்பு, பிற்பகலில் வெளிச்சம் அழகு. மாத முதல் வாரங்களில் எதிர்க்கரை மரங்களில் இலை இன்னும் உதிராமல் இருந்தால், அந்தப் பொன்னிறம் தண்ணீரில் விழும். பின்னணிக்கு அதைவிட வேறென்ன வேண்டும். அணையின் சிமெண்ட் சுவரும் மின்கம்பிகளும்தான் அந்த இடத்தின் குறை. கம்பிகளைத் தவிர்க்க வேண்டுமானால் அணையிலிருந்து தள்ளி, பூங்காவின் கீழ்க்கோடியில் நில்லுங்கள். காட்சி குறையும், கிடைப்பது சுத்தமாக இருக்கும்.

இப்போது செட்டிங். இந்தப் பறவையின் சிக்கல் ஒன்றே ஒன்றுதான்: தலை பளீரென்று வெள்ளை, உடம்பு கிட்டத்தட்ட கறுப்பு. கேமராவை ஆட்டோவில் விட்டால், பின்னால் இருண்ட மரங்கள் வரும்போது எல்லாவற்றையும் வெளிச்சமாக்கித் தலையை வெறும் வெள்ளைக் காகிதமாக்கிவிடும். அதே பறவை வானத்துக்கு எதிரே வந்தால் உடம்பைக் கரியாக்கிவிடும். பறவை மேல் விழும் வெயில் மாறவில்லை, பின்னணிதான் மாறியது. எனவே மேனுவலில் வைத்துப் பூட்டிவிடுங்கள். தெளிந்த வெயிலில் ஷட்டர் 1/2500 நொடி, அபெர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப் 6.3, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400 என்று தொடங்கி, உட்கார்ந்திருக்கும் ஒரு கழுகை எடுத்துப் பாருங்கள். தலையில் இறகின் கோடுகள் தெரிய வேண்டும். வெளிச்சம் அதிகமானதைக் காட்டும் மினுக்கல் திரையில் இருந்தால் அதை இயக்கி வையுங்கள், தலை மினுங்கினால் கொஞ்சம் குறையுங்கள். உடம்பு இருட்டாக இருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள். ரா ஃபைலில் (கேமரா திருத்தாமல் அப்படியே சேமிக்கும் வடிவம்) எடுத்தால் இருட்டிலிருந்து விவரத்தை மீட்கலாம், வெளுத்துப்போன தலையை யாராலும் மீட்க முடியாது. மேகம் வந்தால் ஐஎஸ்ஓவை மட்டும் ஏற்றுங்கள். 3200 வரை போனாலும் இன்றைய மென்பொருள்கள் துப்புரவாக்கிவிடும். இலேசான மேகமூட்டம் உண்மையில் இந்தப் பறவைக்கு உச்சி வெயிலைவிட நல்லது, வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடைவெளி குறைகிறது.

ஷட்டர் வேகத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்று குறுக்கே போனால் 1/2000 நொடியில் 7 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். சிறகு முனை அதைவிட வேகம், தெறிக்கும் நீர்த்துளி இன்னும் சிரமம். 1/2000-க்குக் கீழே இறங்காமல் பாருங்கள், மீன் தூக்கும் காட்சிக்கு 1/3200 இருந்தால் நிம்மதி. அபெர்ச்சரை மூட வேண்டியதில்லை. உங்கள் கிராப் சென்சாரில், 600 எம்எம்மில் 50 மீட்டர் தூரத்தில் எஃப் 6.3 வைத்தாலே ஏறக்குறைய ஒன்றே முக்கால் மீட்டர் ஆழம் கூர்மையாக இருக்கும், சிறகெல்லாம் பெரும்பாலும் அடங்கிவிடும். ஃபோகஸ் தொடர் ஃபோகஸில் இருக்கட்டும், பறவைக் கண்ணை அடையாளம் காணும் வசதி இருந்தால் அதுவும். நுரை பொங்கும் நீருக்கு எதிரே அந்த வசதி சில சமயம் குழம்பிப்போய் அலையைப் பிடித்துக்கொள்ளும். அப்போது நடுவில் சிறிய கட்டத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். முதலிலேயே 600-க்குப் போய்த் தேடினால் வானமே தெரியும். 300 பக்கத்தில் பறவையைப் பிடித்து, பின்தொடர்ந்துகொண்டே நீட்டுங்கள். லென்ஸின் நடுக்கத் தடுப்பு இந்த வேகத்துக்குப் பெரிய உதவி செய்யாது, இருந்தாலும் வியூஃபைண்டர் ஆடாமல் இருக்க விட்டுவைக்கலாம். கை வலித்தால் ஒற்றைக்கால் ஸ்டாண்ட் போதும்.

காரிலிருந்து கேமராவை எடுத்ததும் படம் எடுக்கத் தொடங்காதீர்கள். சூடான காரிலிருந்து வெளியே வந்த லென்ஸின் குழாய்க்குள் இருக்கும் வெதுவெதுப்பான காற்று, குளிர்ந்த காற்றோடு கலந்து கால்மணி நேரமாவது படத்தைக் குழப்பும். ஹீட்டர் போட்ட காரின் ஜன்னலைத் திறந்துகொண்டு எடுத்தாலும் அதேதான். லென்ஸ் சரியில்லை என்று கடைக்குத் திருப்பி அனுப்புகிறவர்களில் பாதிப்பேரின் பிரச்சினை இதுவாகத்தான் இருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கார் என்றதும் நினைவுக்கு வருகிறது. கானோவிங்கோவில் உங்கள் படத்துக்கு ஆபத்து கிடையாது, காருக்கு உண்டு. அங்கே கூட்டம் கூட்டமாகக் கறுப்புப் பிணந்தின்னிக் கழுகுகள் திரியும், அவற்றுக்கு ரப்பர் மேல் என்னவோ மோகம். பானெட்டில் ஏறி நின்று வைப்பர் பிளேடின் ரப்பரை அலகால் கவ்வி, தலையைப் பின்னால் இழுத்து இழுத்து நீளமாக உரித்தெடுக்கும். ஜன்னலைச் சுற்றி இருக்கும் ரப்பர் பட்டியையும் விடாது. பழகியவர்கள் காரின் மேல் தார்ப்பாய் போட்டு மூடி, கொக்கிக் கயிற்றால் கட்டிவிட்டுத்தான் ஆற்றுக்கு வருவார்கள். நீங்களும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வாடகைக் கார் என்றால் கட்டாயம்.

இந்தக் கறுப்புக் கூட்டத்தையும் வெண்தலைக் கழுகின் இளம் பருவத்தையும் அப்பா அம்மா குழப்பிக்கொள்வார்கள். வெள்ளைத் தலையும் வெள்ளை வாலும் முழுமையாக வர ஏறக்குறைய ஐந்து வருடம் ஆகும். அதுவரை உடம்பெல்லாம் பழுப்பு, அதில் திட்டுத்திட்டாக வெள்ளை. முதல் வருடத்தில் அலகுகூடக் கறுப்பு, பிறகு மெல்ல மஞ்சளாகும். மூன்று நான்கு வயதில் கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை ஒன்று இருக்கும், படத்துக்கு நல்ல லட்சணம். வெள்ளைத் தலை இல்லை என்று இளசுகளை ஒதுக்குகிறவர்கள் சண்டைக் காட்சிகளில் பாதியை இழக்கிறார்கள். வானத்தில் தூரத்தில் பறந்தால் சிறகைப் பாருங்கள். வெண்தலைக் கழுகு பலகை மாதிரி தட்டையாக விரித்திருக்கும், சிவந்த தலையுள்ள பிணந்தின்னி சிறகை மேல்நோக்கித் தூக்கித் தள்ளாடிக்கொண்டே போகும். ஆணும் பெண்ணும் ஒரே நிறம்தான், ஜோடியாக உட்கார்ந்தால் பெரியது பெண். குரலைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். சினிமாவில் இந்தப் பறவையைக் காட்டும்போது வரும் அந்த நீண்ட கிரீச்சல் செவ்வால் பருந்துடையது. நிஜத்தில் இது சன்னமாக, விட்டு விட்டுக் கீச்சிடும்.

அவர்களுக்கு 8x42 பைனாகுலர் ஒன்று கொடுங்கள். 10x50 கனம், வயதானவர்கள் கையில் ஆடும். கண்ணாடி போடுகிறவர் என்றால் கண்பக்க ரப்பர் வளையத்தை உள்ளே இறக்கிவிட்டுக் கொடுங்கள், இல்லையேல் சாவித் துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல்தான் தெரியும். கடற்கரை ஊர்க்காரர்கள் என்றால் இதன் நெருங்கிய உறவை அவர்கள் ஏற்கெனவே பார்த்திருக்கக்கூடும். தமிழ்நாட்டுக் கரையோரத்திலும் இலங்கையின் குளங்களிலும் மீன் தூக்கும் வெண்வயிற்றுக் கடற்கழுகும் இதுவும் கடற்கழுகு வகைதான். அதற்கு வயிறும் வெள்ளை, உடம்பு சாம்பல், அதனால் எக்ஸ்போஷர் தொல்லை குறைவு என்பது என் பொறாமை.

கூடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நியூஜெர்சியில் இருப்பதால் கேட்பீர்கள். உங்கள் மாநிலத்தில் 1980-களின் தொடக்கத்தில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு கூடு. டிடிடி பூச்சிமருந்து மீன் வழியாகத் தாயின் உடம்பில் ஏறி, முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்க உட்கார்ந்தாலே உடைந்துவிடும் நிலை. 1963-இல் அலாஸ்கா, ஹவாய் தவிர்த்த அமெரிக்கா முழுவதற்கும் எண்ணியது 417 ஜோடி. 1972-இல் டிடிடியைத் தடைசெய்தார்கள், நியூஜெர்சியில் கனடாவிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து வளர்த்துப் பறக்கவிட்டார்கள். 2007-இல் அழியும் நிலைப் பட்டியலிலிருந்து நாடு முழுவதும் நீக்கினார்கள், 2021-இல் அரசு வெளியிட்ட மதிப்பீட்டில் அதே பரப்பில் 71,400 கூடுகட்டும் ஜோடிகள். இன்று நியூஜெர்சியில் மட்டும் இருநூறுக்கும் மேல் கூடுகள். எனவே உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே ஒன்று இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, கண்டுபிடித்ததும் நேராகக் கீழே போய் நிற்கத் தோன்றும். வேண்டாம். உங்கள் பகுதியில் குளிர்கால முடிவில் முட்டையிட்டு ஏறக்குறைய 35 நாள் அடைகாக்கும். அந்தக் குளிரில் தாய் எழுந்து பறந்தால் முட்டை சில நிமிடத்தில் ஆறிவிடும். அரசின் வழிகாட்டுதல்படி, கூட்டிலிருந்து நீங்கள் தெரிகிற இடத்தில் நடந்துபோவதானால்கூட 330 அடி, அதாவது 100 மீட்டர், தள்ளி நிற்க வேண்டும். கழுகு உங்களையே உற்றுப் பார்த்துக் கத்தத் தொடங்கினால், 100 மீட்டருக்கு அப்பால் இருந்தாலும் பின்வாங்குங்கள். கூடு இருக்கும் இடத்தைப் படத்தோடு வெளியே போடாதீர்கள், ஃபைலில் ஒட்டியிருக்கும் ஜிபிஎஸ் குறிப்பையும் நீக்கிவிடுங்கள்.

1940-இல் வந்த கழுகுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் கடுமையாக அமலில் இருக்கிறது. கழுகைத் தொந்தரவு செய்வதே குற்றம், முதல் தடவைக்கே ஒரு லட்சம் டாலர் வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும் உண்டு. ஆற்றங்கரையில் கிடக்கும் இறகை அம்மா ஞாபகார்த்தமாக எடுத்து ஹேண்ட்பேகில் வைத்துக்கொள்வார், அதுவும் கூடாது. உதிர்ந்த இறகைக்கூட வைத்திருக்க அனுமதி வேண்டும். இறந்த கழுகுகளும் இறகுகளும் கொலராடோவில் உள்ள ஒரு அரசுக் களஞ்சியத்துக்குப் போய், அங்கிருந்து சடங்குகளுக்காகப் பூர்வகுடி மக்களுக்கு வழங்கப்படுகின்றன.

மீன் வாங்கி ஆற்றில் எறிந்து கழுகை வரவழைப்பவர்கள் உண்டு. சில இடங்களில் படகு வைத்துத் தொழிலாகவே செய்கிறார்கள். அலாஸ்காவின் ஹோமர் ஊரில் ஜீன் கீன் என்ற அம்மையார் பல வருடம் குளிர்காலத்தில் கழுகுகளுக்கு மீன் போட்டார், உலகெங்கும் இருந்து படமெடுக்க ஆட்கள் போனார்கள். கடைசியில் அந்த நகரமே கழுகுக்குத் தீனி போடத் தடை விதித்தது. எனக்கு இதில் சட்டத்தைவிடப் படம்தான் உறுத்தும். எறிந்த மீனுக்கு வரும் கழுகுகளின் படங்கள் எல்லாம் ஒரே கோணம், ஒரே சாய்வு. பார்த்துப் பழகிய கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும்.

கானோவிங்கோவில் டர்பைன் எப்போது ஓடும் என்று முன்கூட்டியே பதிவுக்குரலில் சொல்லும் தொலைபேசி எண் ஒன்றை அணை நிர்வாகம் வைத்திருக்கிறது, கிளம்புவதற்கு முதல் நாள் கேளுங்கள். நவம்பர் வார இறுதியில் விடிவதற்குள் நிறுத்துமிடம் நிரம்பிவிடும். முடிந்தால் செவ்வாய், புதன் என்று வார நாளில் போங்கள். கனமழைக்குப் பிறகு சில நாள் தண்ணீர் கலங்கி மதகெல்லாம் திறந்திருக்கும், அப்போது போகாதீர்கள். மீன் ஆறு முழுக்கச் சிதறிவிடும், கழுகும் சிதறிவிடும்.

குளிர் அதிகமாக இருந்து பெற்றோர் வெளியே நிற்க முடியாது என்று தோன்றினால் திட்டத்தை மாற்றிவிடுங்கள். மேரிலாந்தின் கிழக்குப் பகுதியில் கேம்பிரிட்ஜ் ஊருக்குத் தெற்கே பிளாக்வாட்டர் தேசிய வனவிலங்குக் காப்பகம் இருக்கிறது. சதுப்பு நிலத்துக்குள் சில மைல் நீளத்துக்கு ஒரு வழிப்பாதை, சிறு நுழைவுக் கட்டணம், காரை விட்டு இறங்காமலே பார்த்துவிடலாம். காருக்குள் இருக்கும் மனிதரைக் கழுகு பெரிதாகக் கண்டுகொள்ளாது, கதவைத் திறந்தால்தான் பறக்கும். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஃபுளோரிடாவுக்கு வடக்கே கழுகுகள் அடர்த்தியாகக் கூடுகட்டும் இடம் அது. கானோவிங்கோவின் மீன் சண்டை அங்கே கிடைக்காது, ஆனால் நவம்பர் கடைசியில் பனி வாத்துகளும் அன்னங்களும் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கியிருக்கும். ஜன்னல் விளிம்பில் அரிசி நிரப்பிய துணிப்பையை வைத்து அதன் மேல் லென்ஸைச் சாய்த்துக்கொள்ளுங்கள், எஞ்சினை அணைத்துவிடுங்கள், ஹீட்டரையும்தான். அம்மாவுக்கு ஒரு போர்வை கூடுதலாக எடுத்துப் போங்கள்.